கண்ணுக்கு ஒன்றுமில்லை

எங்கள் பக்கத்தில் யாருக்காவது கண்ணோரம் அடிபட்டால் இன்றைக்கும் என்னைத் தேடி ஆள் வருகிறது. "டிரைவரு கண்ணுக்குக் குடுத்தாங்களாமே ஒரு கொதிப்பு மாத்தர, அதும் பேரு இன்னாக்கா?" என்று கேட்கிறார்கள். ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கிற மாத்திரையைத் தின்றதில் என் வீட்டுக்காரருக்குப் போன பார்வை திரும்பிவிட்டது என்று கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன்மலை வரைக்கும் பேச்சு. திரும்பவில்லை. வலது கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. ஆனால் அவரைப் பார்க்கிறவர்கள் நம்பத்தான் செய்வார்கள், அந்தக் கண்ணில் ஒரு கீறல் கிடையாது. வருகிறவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நான் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர். பெயர் சரசு. என் வீட்டுக்காரர் ஏழுமலை அப்போது கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மழைக்காலத்தில் வேறு டிரைவர்கள் லீவு போட்டுவிடுவார்கள். இவர் போடமாட்டார். மலைக்கார ஜனங்கள் பஸ் பெயரைச் சொல்லமாட்டார்கள், "ஏழுமல வண்டி" என்பார்கள். அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் ஒரு ஆணி அடிக்கத் துப்பு இல்லாத மனிதர், ஸ்டீரிங்கைப் பிடித்தால் ராஜா.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம் அது. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கேட்டது நியாயமா இல்லையா என்று எழுத நான் வரவில்லை, அதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கிய இவருடைய பஸ் கச்சிராயபாளையம் வருவதற்குள் ஒரு மரத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. மரத்தைச் சாய்த்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வலியில் இருந்தாள். அதனால் ஆண்கள் எல்லாம் இறங்கிக் கிளைகளை வெட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். அடிமரத்துக்கடியில் வளைந்து மாட்டியிருந்த ஒரு கிளையை வெட்டினதும் அது விடுபட்டு எழும்பி, இவருடைய வலது புருவத்தில் அடித்துவிட்டது.

பக்கத்து ஊர்க் கம்பவுண்டர் புருவத்தில் தையல் போட்டு, கண்ணையும் சேர்த்துப் பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்ததாம். இவர் யாருடைய சைக்கிளிலோ உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்.

"இன்னாங்க இது?"

"ஒண்ணும் இல்ல, கெள தட்டிடுச்சி. சோறு போடு."

தலைவலி என்று படுத்தேகிடந்தார். இரண்டு நாள் கழித்துக் கட்டை மாற்றுவதற்காக நான் பஞ்சை வெந்நீரில் நனைத்து மெள்ள எடுத்தேன். உள்ளே கண் நன்றாக இருந்தது. வீக்கம்தான், சிவப்புகூட அதிகம் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அவர் இடது கண்ணைக் கையால் பொத்தினார்.

"சரசு, நான் கண்ணத் தொறந்துகினு இருக்கேனா?"

"தொறந்துகினுதான் இருக்கீங்க."

"அப்ப ஏன் இருட்டா கீது?"

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா, பின்னால போற நரம்புலதான் அடி. சேலம் போங்க. இன்னிக்கே போங்க," என்றார். இன்றைக்கே போவதற்குப் பஸ் எங்கே இருந்தது? ஊருக்கு ஊர் மரம் கிடந்தது. என் தம்பி சேகர்தான் சைக்கிள் கொண்டுவந்தான். மாமாவைப் பின்னால் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டும், மரம் குறுக்கே கிடக்கிற இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டும் சின்னசேலம் ஸ்டேஷன் வரைக்கும் வந்தான். நான் கூடவே நடந்தேன். ரயில் வருமா வராதா என்று ஸ்டேஷனில் யாருக்கும் தெரியவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது சேகர் திடீரென்று, "நான் அந்தப் பக்கம் போவவே இல்லக்கா," என்றான். நான் அவனை ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. அவன் உள்ளங்கையில் கோடாலி பிடித்த கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அதைப் பார்த்தேன், தண்ணீர் வாங்கிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன். ரயில் மறுநாள்தான் வந்தது.

சேலத்தில் நாங்கள் சேர்ந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அங்கே எங்களுக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. பெரிய டாக்டரம்மா மறியலில் மாட்டிக்கொண்டு எங்கோ இருந்தார். இருந்தவர் ஒரு சின்ன டாக்டர். மீசை சரியாக முளைக்காத முகம், ஆனால் பொறுமைசாலி. டார்ச்சை இவருடைய இடது கண்ணில் அடித்தார், கருவிழி நடுவில் இருக்கிற பாப்பா சுருங்கியது. உடனே வலது கண்ணுக்கு மாற்றினார், அது சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தது. என்னையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்கம்மா, வெளிச்சம் விழுது, ஆனா அந்தச் சேதி மூளைக்குப் போகல. கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு ஒரு சின்ன எலும்புக் குழாய் வழியாப் போகுது. புருவத்துல பட்ட அடி அங்க இறங்கி நரம்பை நசுக்கிடுச்சு. வீங்கறதுக்கு உள்ள இடம் இல்ல."

"நசுங்குனது நசுங்குனதுதானுங்களா?"

"எல்லாம் ஒரே நாள்ல சாகறதில்ல. நரம்புக்குள்ள அடிபட்ட நார் செத்துடும். பக்கத்துல இருக்கறது ஊசலாடிக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள கால்சியம்னு ஒரு சத்து அளவில்லாம புகுந்து அதையும் கொன்னுடும். ரத்தக்குழாயும் இறுகிடும். அந்தக் கால்சியம் நுழையற வாசலை அடைக்கிற மாத்திரை இருக்கு. ரத்தக்கொதிப்புக்கும் நெஞ்சுவலிக்கும் குடுக்கறது. நரம்பையும் காப்பாத்துமான்னு சில பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நிச்சயம்னு நான் சொல்லமாட்டேன்."

கால்சியம் என்றால் சுண்ணாம்புச் சத்து என்று எனக்குத் தெரியும். சத்துணவில் கீரை போடும்போது பிள்ளைகளுக்குச் சொல்கிற பாடம்தான். "அப்ப வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவக் கூடாதுங்களா?" என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். வெற்றிலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, உடம்பில் இருக்கிற கால்சியமே போதும் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப்பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இவருக்கோ கொதிப்பு கிடையாது. இருக்கிறதும் குறைந்துபோனால் ஊசலாடுகிற நரம்புக்குப் போகிற ரத்தமும் குறைந்து, நன்மைக்குப் பதில் தீமை ஆகிவிடும். அதனால் தினமும் பார்வையைச் சோதித்துப் பார்ப்பார்கள். கூடிக்கொண்டு வந்தால் மாத்திரையைத் தொடரலாம். கூடவில்லை என்றால் நிறுத்திவிட்டு உடனே மெட்ராசுக்கு அனுப்பிவிடுவார். அங்கே வீக்கம் வற்ற அதிக அளவில் மருந்தை ஊசியாகப் போட்டுப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் அந்த எலும்புக் குழாயையே திறந்துவிடுவார்கள். அதைச் செய்வதானால் சீக்கிரம் செய்ய வேண்டும். "கண்ணு என்ன சொல்லுதோ அதை வெச்சுத்தான் முடிவு," என்றார். இவரும் தலையாட்டினார்.

மாத்திரை கொடுக்கும் முன்பு நர்ஸ் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து அழுத்தம் பார்ப்பார். குறைவாக இருந்தால் அந்த வேளைக்கு மாத்திரை கிடையாது. அந்தக் காற்று இறங்கும்போது நான் நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாத்திரை தின்றதும் அவருக்கு முகம் சிவந்து, தலை விண்விண்ணென்று தெறிக்கும். எழுந்து நின்றால் தள்ளாடுவார். கக்கூசுக்குப் போவதானாலும் நான்தான் தோளைக் கொடுக்க வேண்டும். கணுக்கால் வீங்கிவிட்டது. மலைப்பாதையில் பஸ்ஸைத் திருப்புகிற ஆள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, ஆத்தூர்க்காரம்மா, வெளியே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ரசம் வைக்கும்போதெல்லாம் எங்களுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவருவார். சேகர் ரோடு திறக்கத் திறக்க ஏதாவது வழியாக வந்துவிடுவான். வந்தால் மாமாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பான், போ என்றாலும் போகமாட்டான். வராந்தாவில் படுக்கிற பெண்கள் எல்லாரும் ஒருவர் தலைமாட்டுப் பையை இன்னொருவர் பார்த்துக்கொள்வோம். எனக்குத் தூக்கம் வராது. கண் வராவிட்டால் என்ன ஆவோம் என்று யோசிக்க ஆரம்பித்தால் யோசனைக்கு முடிவே இருக்காது. அவருக்குப் பஸ்ஸைத் தவிர வேறு எதுவும் தெரியாது, வேறு எதிலும் ஆசையும் கிடையாது.

காலையில் சோதனை. எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, நல்ல கண்ணை மூடிவிட்டு, படி என்பார்கள். முதல் நாள் அவர், "ஒண்ணும் தெரியலிங்க," என்றார். சின்ன டாக்டரின் முகம் சுருங்கிப்போனது. "டிரைவர் வேலைன்னா கஷ்டந்தாங்க," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அடுத்த நாள், மேலே இருக்கிற பெரிய எழுத்தைச் சொன்னார். அதற்கடுத்த நாள் இரண்டாவது வரி. பிறகு மூன்றாவது வரியில் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்லி, யோசித்துத் திருத்தினார். சின்ன டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். மற்ற டாக்டர்களைக் கூட்டிவந்து காட்டினார். "பாப்பா இன்னும் சரியா சுருங்கல, ஆனா எழுத்து படிக்கிறார். மாத்திரை கேக்குதுங்கம்மா," என்றார். நான் அந்த மாத்திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் வாயில் போட்டேன். வார்டு முழுக்க அதே பேச்சு. ஆத்தூர்க்காரம்மா அதன் பெயரைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். ஊரில் இன்றைக்கும் உலாவுகிற கதை அங்கேதான் கிளம்பியது.

வலது பக்கம் வைத்த டம்ளரை அவர் இரண்டு மூன்று தடவை தட்டிவிட்டார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். மாத்திரை மயக்கம் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் அந்த மயக்கம் ஒரு சாக்காக அமைந்துவிட்டது.

ரோடெல்லாம் திறந்த பிறகு பெரிய டாக்டரம்மா வந்தார். கேஸ் ஷீட்டைப் பார்த்தார், டார்ச்சை எடுத்து அந்தக் கண்ணுக்கும் இந்தக் கண்ணுக்குமாக மாற்றி மாற்றி அடித்தார். நெற்றி சுருங்கியது. "படிங்க," என்றார். இவர் நான்கு வரிகளைச் சரளமாகச் சொன்னார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"டிரைவருங்க."

டாக்டரம்மா எழுந்துபோய் அந்தப் பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டினார். பின்பக்கத்தில் எழுத்துத் தெரியாதவர்களுக்கானது இருந்தது. ஒரே இங்கிலீஷ் எழுத்து, மூன்று கால் உள்ளது, மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பித் திரும்பி நிற்கும். கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டினால் போதும். நல்ல கண்ணைத் தன் உள்ளங்கையாலேயே பொத்திக்கொண்டு கேட்டார்.

"மேல இருக்கறது ரொம்பப் பெருசு. எந்தப் பக்கம் பார்க்குது?"

இவர் கையைத் தூக்கவில்லை. சின்ன டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர், "கீழ," என்றார். அது மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லா டிரைவருக்கும் அந்தப் பக்கம் மனப்பாடம்," என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "வருஷா வருஷம் கண் டெஸ்டுக்கு வர்றவங்க, வாசல்லயே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுத்துக்கிட்டு வருவாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண் டெஸ்டுக்குப் போகும் முன்பு வீட்டில் சவரம் செய்துகொண்டே அவர் ஏதோ முணுமுணுப்பார், ஸ்தோத்திரம் சொல்கிறார் என்று நினைத்து நானும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பேன்.

சின்ன டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே மெட்ராசுக்கு அனுப்பியிருப்பேனேங்க," என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். டாக்டரம்மா அவர் தோளில் கைவைத்து, அனுப்பியிருந்தாலும் பார்வை வந்திருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். என்னிடம் திரும்பி, மாத்திரை நல்லது செய்ததா, கெட்டது செய்ததா, ஒன்றுமே செய்யவில்லையா என்பதும் இனிமேல் தெரியாது என்றார். வெறும் வாயில் வந்த எழுத்தை நம்பி, அத்தனை நாளும் இவருடைய ரத்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். அந்த டாக்டர் பையனின் முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் அழுகை வருகிறது. அவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டவர்.

மாடிப்படியில் உட்காரவைத்துக் கேட்டேன். "ஏங்க இப்டி பண்ணீங்க?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "மொத நாளு உண்மையத்தான சொன்னேன். அந்தாளு மூஞ்சி செத்துப்போச்சி. டிரைவர் வேல கஷ்டம்னு எழுதறாரு. அது காயிதத்துல ஏறிடுச்சின்னா மொதலாளி கைக்குப் போயிடாதா? நாளைக்கி மாத்தர வேல செஞ்சி நெசமாவே தெரியப்போவுது, அது வரிக்கும் சமாளிச்சிகினு இருக்கலாம்னுதான்."

"தெரியலன்னா?"

"தெரியும்னு நெனச்சேன் சரசு."

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை எதில் கொட்டுவது என்று தெரியவில்லை. என்னைவிட, டாக்டரைவிட, அந்த மாத்திரையை அதிகம் நம்பினவர் அவர்தான். அந்த நம்பிக்கையால்தான் பொய் சொன்னார். இதை யாரிடம் சொன்னாலும் புரியாது. அவரைத் திட்டினேன், திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மெட்ராசுக்கும் போனோம். அங்கே கண்ணுக்குள்ளே விளக்கு வைத்துப் பார்த்த டாக்டர், நரம்பு வெளுக்க ஆரம்பித்துவிட்டது என்றார். உயிருள்ள நரம்பு இளஞ்சிவப்பாக இருக்குமாம், செத்தால் வெளுத்துவிடுமாம். ஊசி போட்டார்கள். பிரயோஜனம் இல்லை. ஊருக்குத் திரும்பினோம்.

வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, கண்ணுக்கு ஒன்றுமில்லையே என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இவரும் ஆமாம் என்றார். மாத்திரையில் சரியாகிவிட்டது என்று அவரே சொல்ல ஆரம்பித்தார். நான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் போகட்டும், தானாக அடங்குவார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார்.

"மொதலாளி கண் டெஸ்டு அனுப்பிச்சாரு. பாஸாயிட்டேன். திங்கக்கெழம வண்டி."

"எந்த வண்டி?"

"என் வண்டிதான். மலைக்கி."

நான் அவர் காலைப் பிடிக்காத குறை. டவுன் பஸ்ஸில் கண்டக்டராகப் போங்கள், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கேட்டுப்பார்ப்போம், என் சம்பளத்தில் கஞ்சி குடிக்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். "ஒரு கண்ணு போதும்டி, பாதி வளைவ நான் கண்ண மூடிகினே ஓட்டுவேன்," என்றார். அந்த வண்டியில் மலைப்பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருவார்கள். மேலேயிருந்து லாரி இறங்கும். அது வருவது அவருடைய வலப்பக்கம். பஸ்ஸை அத்தனை ஆசையாக ஓட்டின மனிதரை நான் எப்படி நிறுத்துவது? வேறு வழி தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலாளி நல்ல மனிதர்தான். நம்பமுடியாமல் இவருக்கு ஆள் அனுப்பினார். இவர் வந்தார். சட்டைப்பையில் வண்டிச் சாவி இருந்தது. உள்ளே என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முதலாளி எழுந்து வந்து, அவர் இடது கண்ணைத் தன் கையால் மூடி, எதிரே விரல்களை நீட்டினார்.

"கோச்சிக்காத ஏழுமல. எத்தினி வெரலு, சொல்லிடு."

அவர் மெதுவாக, "அவதான் எல்லாம் பாக்கறாளே மொதலாளி, அவளையே கேளுங்க," என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். மூன்று விரல். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதலாளி கையை எடுத்துவிட்டார். இவர் சாவியை எடுத்து மேசைமேல் வைக்கப்போனார். மேசையென்று அவர் நினைத்த இடத்தில் மேசை இல்லை. சாவி விளிம்பில் பட்டு, அவருடைய வலப்பக்கம் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. நான்தான் எடுத்து முதலாளி கையில் கொடுத்தேன்.